இரண்டே முக்கால் லிட்டர் சிவப்பு

என் கணவர் சேகர் குக்கர் விசிலைக் கன்னடத்தில் எண்ணுவார். தமிழர்தான். தொம்மலூரில் பழைய கோயிலை ஒட்டிய சந்துகளில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய தாத்தா காலத்திலிருந்தே குடும்பம் அங்கேதான். என்னிடம் பேசுவது தமிழில், சண்டை போடுவது தமிழில், தூக்கத்தில் உளறுவதுகூடத் தமிழில். அடுப்படியில் விசில் அடித்தால் மட்டும் "ஒந்து, எரடு, மூரு" என்று முணுமுணுத்துவிட்டு நாலாவதற்கு அடுப்பை அணைப்பார். கல்யாணமான புதிதில் இதைக் கேட்டு எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. நம்மவர் என்று நினைத்த மனிதருக்குள் நமக்குத் தெரியாத இன்னொருவர் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பதுபோல் தோன்றியது. கேட்டேவிட்டேன். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு படித்தது கன்னடத்தில், பிறகு வேறு எப்படி எண்ணுவதாம் என்றார், நான் ஏதோ கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டதுபோல.

நான் என்னைப் புலம்பெயர்ந்தவள் என்று சொல்லிக்கொண்டால் திருப்பத்தூரில் இருக்கும் என் சொந்தக்காரர்களுக்குச் சிரிப்பு வந்துவிடும். ஜோலார்பேட்டையில் காலையில் வண்டி ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குப் பெங்களூர், இதில் என்ன புலம், என்ன பெயர்வு என்பார்கள். துபாயில் இருக்கும் மாமா மகன் இட்லி கிடைக்கவில்லை என்று போனில் சொன்னால் உச்சுக் கொட்டுகிறவர்கள் இவர்கள். எனக்கு இதில் கொஞ்சம் கோபம் உண்டு. பஸ் பலகையைப் படிக்கத் தெரியாமல், படித்த பெண்ணாக லட்சணமாக உடுத்திக்கொண்டு, பக்கத்தில் நிற்பவரிடம் இது எங்கே போகிறது என்று தினமும் கேட்டுப் பார்த்தால் தெரியும். அதே சமயம் பெங்களூரில் கன்னடம் தெரியாமலே காலத்தை ஓட்டிவிடவும் முடியும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். முதலில் நான் தங்கியிருந்த பொம்மனஹள்ளி ஹாஸ்டலில் சமையலம்மா முதல் வாட்ச்மேன் வரை எல்லோரும் தமிழ். காய்கறிக்காரர் தமிழ், தையல்காரர் தமிழ். இரண்டு வருஷம் அப்படியே போயிற்று. வேறொரு ஊருக்கு வந்திருக்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் இருந்தேன். சௌகரியமாகத்தான் இருந்தது. பீன்யாவுக்கு வேலைக்கு வந்த பிறகுதான் அந்தச் சௌகரியம் குறைந்தது.

பீன்யாவில் எங்கள் கம்பெனி சின்னது. துணிக்குச் சாயம் போடும் ஆலைகளுக்கு மிஷின் செய்கிறோம். இந்த நிறத்துக்குச் சிவப்பு இவ்வளவு லிட்டர், மஞ்சள் இவ்வளவு லிட்டர் என்று, கரைத்து வைத்த சாயத்தைப் பம்ப் மூலம் அளந்து தொட்டிக்குள் விடுகிற மிஷின். அந்தப் பம்பை ஓட்டும் நிரலை சி மொழியில் எழுதிப் பராமரிப்பது என் வேலை. மிஷினைக் கொண்டுபோய் ஆலையில் மாட்டி ஓடவைப்பது கிரீஷின் வேலை. கிரீஷ் துமகூருக்காரர், என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். தமிழ் தெரியாது, தெரிந்துகொள்ளும் உத்தேசமும் இல்லை. நான் ஆங்கிலத்தில் கேட்டால்கூடப் பதில் கன்னடத்தில்தான் வரும், சிரித்த முகத்தோடு. திமிர் பிடித்தவர் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒருநாள் குழாய் ஒன்றைத் தூக்கிக் காட்டி "முக்காலு இஞ்சு" என்றார். புரிந்தது. அடுத்த குழாயைக் காட்டி "ஒந்தூகாலு" என்றார். ஒன்றே கால். அதுவும் புரிந்தது. என் கன்னடம் அந்தக் குழாய்களில் தொடங்கி, டீக்கடைக்கு வந்து, பிறகு ஆளைக் கேலி செய்கிற அளவுக்கு வளர்ந்தது. இன்றைக்கும் தப்பும் தவறுமான கன்னடம்தான். கிரீஷ் திருத்துவார், ஆனால் சிரிக்கமாட்டார். அதனாலேயே அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். எங்களுக்குள் எந்த அளவும் காலும் அரையும் முக்காலுமாகவே பேசப்பட்டது. திரையில் 3.25 என்று இருந்தால் இருவருக்கும் அது மூன்றே கால்தான்.

சி மொழி தெரியாதவர்களுக்காக இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அந்த மொழியில் எழுதிய நிரல் எந்த ஊர்க் கணினியில் கண் விழித்தாலும், தன்னை முதலில் 'சி' என்ற ஊரைச் சேர்ந்ததாகத்தான் நினைத்துக்கொள்ளும். அப்படி ஒரு ஊர் உலகத்தில் இல்லை. அங்கே பின்னத்துக்குப் புள்ளி, மாதங்களின் பெயர் ஆங்கிலம், ஆயிரத்தையும் லட்சத்தையும் பிரித்துக் காட்ட ஒரு குறியும் கிடையாது. தான் இருக்கும் ஊரின் வழக்கம் அதற்குத் தெரிய வேண்டுமென்றால், நிரலில் செட்லோகேல் என்ற அழைப்பை எழுத வேண்டும். ஊர் பெயரைக் குறிப்பிட்டும் எழுதலாம். பெயர் எதுவும் தராமல் வெறும் மேற்கோள் குறிகளை மட்டும் கொடுத்தால், இந்தக் கணினியை வைத்திருப்பவர் எந்த ஊர்ப்படி வைத்திருக்கிறாரோ அதன்படி நடந்துகொள் என்று அர்த்தம். மொத்தமாகவும் மாற்றலாம், பகுதி பகுதியாகவும் மாற்றலாம். தேதிக்கு ஒரு பிரிவு, பணத்துக்கு ஒன்று, எழுத்து வரிசைக்கு ஒன்று, எண்களுக்கு ஒன்று. சொற்கள் ஒரு ஊரின்படியும் எண்கள் இன்னொரு ஊரின்படியும் இருக்கலாம். சேகரிடம் இதை விளக்கியபோது, "என்னைப் பத்தி எப்போ புரோகிராம் எழுதுனாங்க?" என்று கேட்டுவிட்டுப் பேப்பர் படிக்கப் போய்விட்டார்.

போர்ச்சுகலின் வடக்கே ஒரு சிற்றூரில் இருக்கும் சாய ஆலை எங்கள் மிஷின் ஒன்றை வாங்கியது. கம்பெனி வெளிநாட்டுக்கு அனுப்பிய முதல் மிஷின் அது. அதோடு கிரீஷும் போனார், முதல் பாஸ்போர்ட், முதல் விமானம். எங்கள் ஓனர் அவரிடம் ஒளிவு மறைவில்லாமல் சொல்லிவிட்டார். மிஷின் நன்றாக ஓடி ஆலைக்காரர்கள் கையெழுத்துப் போட்டால் வெளிநாட்டு சர்வீஸ் முழுவதும் கிரீஷின் பொறுப்பு. இல்லையென்றால் மிஷினும் திரும்பி வரும், அவரும் திரும்பி வருவார், வெளிநாட்டுப் பேச்சை அதோடு விட்டுவிடலாம். கிரீஷ் ஒரு கனத்த ஜாக்கெட் வாங்கி, அதை அலுவலகத்தில் எல்லோருக்கும் போட்டுக் காட்டிவிட்டுப் போனார்.

அந்த மிஷினுக்குள் இரண்டு நிரல்கள் இருந்தன. ஒன்று பம்பை ஓட்டும் என்னுடைய பழைய நிரல். மற்றது தொடுதிரைக்கானது, போர்ச்சுகலுக்காகவே வெளியே கொடுத்து எழுதி வாங்கியது. ஆலை ஆட்கள் திரையில் அளவைப் பதிவார்கள். திரை நிரல் அதைக் கோப்பு ஒன்றில் எழுதும். என் நிரல் அந்தக் கோப்பைப் படித்துப் பம்பை அவ்வளவு நேரம் ஓட்டும். சொற்களும் தேதியும் போர்ச்சுகீசியர் வழக்கப்படி வர வேண்டும் என்பதால் திரை நிரலில் செட்லோகேல் இருந்தது. என்னுடையதில் இல்லை, பம்புக்கு என்ன ஊர் வேண்டிக்கிடக்கிறது? பீன்யாவில் வைத்துச் சோதித்தோம். ஆங்கிலத்தில் வைத்து எல்லா அளவுகளையும் ஓட்டிப் பார்த்தோம். பிறகு போர்ச்சுகீசுக்கு மாற்றிச் சொற்கள் எல்லாம் சரியாக வருகின்றனவா என்று பார்த்தோம். எண்களை இரண்டாம் முறை ஓட்டிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. எண் எங்கே போனாலும் எண்தானே என்று இருந்துவிட்டோம்.

அங்கே முதல் துணி நன்றாக வந்தது. அடுத்தது வெளிறிப் போய் வந்தது. அதற்கடுத்தது சரி, மறுபடி இரண்டு வெளிறல். அடர் சிவப்பு கேட்ட இடத்தில் பழைய செங்கல் மாதிரி ஒரு நிறம். கிரீஷுக்கு அங்கே காலை என்றால் எனக்கு இங்கே பிற்பகல். சாப்பாட்டு டப்பாவைக் கழுவி வைத்த கையோடு போனை எடுப்பேன். பம்பில் காற்று அடைத்திருக்கிறதா, குழாய் எங்காவது மடங்கியிருக்கிறதா, அந்த ஊர்த் தண்ணீர் கடினமானதா, சாயம் சரியாகக் கரையவில்லையா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். பம்பைக் கழற்றி மாட்டினார். துணியின் படம், குழாயின் படம், பம்பின் படம் எல்லாம் அனுப்பினார். திரையை மட்டும் யாரும் சந்தேகப்படவில்லை. "சிவப்பு எவ்வளவு போட்டிருக்கு?" என்று நான் கேட்பேன். திரையைப் பார்த்து "எரடூமுக்காலு" என்பார். இரண்டே முக்கால் லிட்டர். என் பக்கத்துக் கணக்கிலும் இரண்டே முக்கால்தான் வர வேண்டும். பிறகு துணி ஏன் வெளிறுகிறது என்று மறுபடி முதலிலிருந்து தொடங்குவோம்.

சாயப் பகுதிக்குப் பொறுப்பானவர் தெரேசா என்ற அம்மாள். பல வருஷம் கையாலேயே சாயம் அளந்து கலந்தவர். இந்த மிஷின் வருவதில் அவருக்கு ஆரம்பத்திலேயே அவ்வளவு விருப்பமில்லை. துணி வெளிற வெளிற அவருடைய முகம் இறுகியது என்று கிரீஷ் சொன்னார். இந்த ஆள் ஏதோ மறைக்கிறான் என்று நினைத்தாரோ என்னவோ, மிஷினைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஓரமாக ஒரு நாற்காலி போட்டு உட்காரச் சொல்லிவிட்டார். நின்றே வேலை செய்து பழகிய மனிதருக்கு அதைவிட அவமானம் வேறில்லை. ஆலைக்காரர்கள் வெள்ளிக்கிழமை வரை பார்ப்பார்கள், அதற்குப் பிறகு மிஷினைக் கழற்றச் சொல்லிவிடுவார்கள் என்று ஓனருக்கு மெயில் வந்தது. அன்று கிரீஷ் போனில், ஊரில் எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்தேனே அக்கா என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏதோ வேலை இருப்பதுபோலப் போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் தெரேசா அம்மாளே கிரீஷின் போனை வாங்கிவிட்டார். நான்தான் இந்த மிஷினுக்கு நிரல் எழுதியவளா என்று அவருக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டார். ஆமாம் என்றேன். இதோ கேட்டுக்கொள், நாங்கள் சரியாகத்தான் பதிந்திருக்கிறோம் என்பதுபோல, திரையில் இருந்த அளவைத் தன் மொழியில் சத்தமாகப் படித்தார். "தோயிஷ் வீர்குலா செத்தெந்தா இ சிங்கு." எனக்கு ஒன்றும் புரியவில்லை. மறுபடி சொல்லச் சொன்னேன். சொன்னார். ஒரு எண்ணைச் சொல்ல இத்தனை சொற்களா என்று இருந்தது. எங்களுக்கு ஒரே சொல்தானே. இன்னொரு முறை என்றேன். மூன்றாம் முறை அவர் ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது போனிலேயே தெரிந்தது. அவருடைய பேச்சை நான் கேலி செய்கிறேன் என்று நினைத்துவிட்டார். போனைக் கிரீஷிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். இருக்கிற கோபம் போதாதென்று ஏன் இப்படிச் செய்கிறீர்கள் அக்கா என்று கிரீஷ் என்மேல் பாய்ந்தார். அவர் என்னிடம் குரலை உயர்த்தியது அந்த ஒரு தடவைதான்.

"எரடுக்கும் எப்பத்தைதுக்கும் நடுவுல ஒரு வார்த்தை சொல்றாங்களே, அது என்ன?" என்று கேட்டேன். பாதி கன்னடம், பாதி தமிழ். அவசரத்தில் எழுபத்தைந்துகூட எப்பத்தைதாகத்தான் வந்தது. கிரீஷ் பக்கத்தில் இருந்த ஆலை ஆளிடம் வீர்குலா என்றால் என்ன என்று கேட்டார். அந்த ஆள் திரையில் விரலை வைத்துக் காட்டியிருக்கிறார்.

"சுக்கெ அல்ல அக்கா," என்றார் கிரீஷ். "கமா இதெ."

புள்ளி இல்லை, கமா இருக்கிறது. போர்ச்சுகலில் பின்னத்துக்குக் கமா. எழுதுவதும் கமா, வாயால் படிப்பதும் கமா. இத்தனை நாளும் கிரீஷ் அந்தத் திரையைப் பார்த்தேதான் எரடூமுக்காலு என்று சொல்லிக்கொண்டிருந்தார். முக்கால் என்று சொல்லிவிட்டால் புள்ளிக்கும் இடமில்லை, கமாவுக்கும் இடமில்லை. அவர் ஆங்கிலத்தில் டூ பாயின்ட் என்று தொடங்கியிருந்தால்கூட அந்த இடத்தில் கண் ஒரு கணம் நின்றிருக்கும். நடந்தது இதுதான்: போர்ச்சுகீசு வழக்கத்துக்கு மாறிய திரை நிரல் கோப்பில் 2,75 என்று எழுதியது. என் நிரல் 'சி' என்ற அந்த இல்லாத ஊரிலேயே இருந்தது. அது இரண்டைப் படித்தது, தனக்குத் தெரியாத ஒரு குறியைப் பார்த்தது, அங்கேயே நின்றுவிட்டது. சத்தம் போடவில்லை, பிழை என்று சொல்லவில்லை. இரண்டு லிட்டரை மட்டும் விட்டுவிட்டு வேலை முடிந்தது என்றது. முழு எண் கேட்ட துணிகள் மட்டும் சரியாக வந்ததும் அதனால்தான். இரண்டு நிரலும் அதனதன் வழக்கப்படி சரியாகவே நடந்துகொண்டன. ஒரே பெட்டிக்குள் குடியிருந்தும் ஒன்றுக்கு மற்றதன் எழுத்து தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஓனருக்கு நிம்மதி. திரையை ஆங்கிலத்துக்கு மாற்றிவிடு, புள்ளி வந்துவிடும், கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பி வா என்றார். வேலை ஒரு நொடியில் முடிந்துவிடும். கிரீஷ் மாட்டேன் என்றார். அந்த ஊரில் புள்ளி என்பது ஆயிரத்தைப் பிரிக்கிற குறி. இங்கே வேலை செய்கிறவர்கள் சின்ன வயதிலிருந்து கமா போட்டுப் பழகியவர்கள். அவசரத்தில் ஒருவர் மாற்றி அடித்தால் தொட்டியே பாழ் என்று விளக்கினார். ஓனர் விடவில்லை. வெள்ளிக்கிழமை வந்துவிட்டது, மிஷின் திரும்பி வந்தால் பரவாயில்லையா என்று கேட்டார். நானும் அந்த அழைப்பில் இருந்தேன். பரவாயில்லை என்று சொல்லத் துணிச்சல் வேண்டும், அதுவும் தன் வேலையையே பணயம் வைத்திருக்கும்போது. கிரீஷ் ஓனரை விட்டுவிட்டு என்னிடம்தான் சொன்னார்.

"அவர ஊரல்லி அவர லெக்கா இர்லி, அக்கா."

அவர்கள் ஊரில் அவர்கள் கணக்கு இருக்கட்டும். இதே மனிதர்தான் பீன்யாவில் என் ஆங்கிலத்துக்குக் கன்னடத்தில் பதில் சொன்னவர். அதை நான் திமிர் என்று நினைத்ததெல்லாம் அந்தக் கணத்தில் எனக்கு வெட்கமாகிவிட்டது. தன் ஊருக்கு என்ன கேட்டாரோ, அதையே யாரோ ஒரு தெரேசாவின் ஊருக்கும் கேட்டார். சரி, மாலைக்குள் மாற்றி அனுப்புகிறேன் என்று ஓனரிடம் நான் சொன்னேன்.

மாற்ற வேண்டியது சில வரிகள்தான். திரையில் எல்லாம் போர்ச்சுகீசு வழக்கப்படி இருக்கும், கமாவும் சேர்த்து. கோப்பில் எழுதும் அந்த ஒரு தருணத்தில் மட்டும் எண்களுக்கான பிரிவை 'சி'க்கு மாற்றிவிட்டு, எழுதி முடித்ததும் பழையபடி திருப்பிவிட வேண்டும். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. மாற்றுவதற்கு முன்னால், இப்போது எந்த ஊர் என்று கேட்டு அந்தப் பெயரைத் தனியாகப் பிரதி எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். பெயர் இருக்கும் இடத்தை மட்டும் குறித்து வைத்துக்கொண்டால், அடுத்த மாற்றத்தில் அந்த இடத்தில் வேறு பெயர் வந்து உட்கார்ந்துவிடும், திரும்பிப் போக வழி இருக்காது. இதைப் படித்ததும் சிலருக்குத் தத்துவம் பொங்கும் என்று தெரியும். எனக்கு அன்றைக்கு அதற்கு நேரமில்லை. இரண்டு தடவை சோதித்தேன், கமா போட்டே சோதித்தேன், அனுப்பினேன்.

அன்றைய கடைசித் தொட்டி இரண்டே முக்கால் லிட்டர் சிவப்பு. கிரீஷ் நாற்காலியில் உட்காராமல் அதன் பின்னால் நின்றுகொண்டிருந்தாராம். துணியைத் தூக்கியதும் தெரேசா அம்மாள் அதைப் பிழிந்து, ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திரும்பி வந்து அந்த நாற்காலியை எடுத்து, இருந்த இடத்தில் கொண்டுபோய் வைத்தார். மறுநாள் கிரீஷ் இதை என்னிடம் சொல்லும்போது சிரித்தார், நானும் சிரித்தேன், என் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் என்ன என்று கேட்டார்கள். ஆலைக்காரர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள் என்று சொன்னேன். கை தட்டினார்கள்.

கிரீஷ் திரும்பி வரவில்லை. பக்கத்து ஆலைகளிலிருந்தும் கேட்கத் தொடங்கவே, அங்கேயே தங்கி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள முடியுமா என்று ஓனர் கேட்டார். கேட்ட கையோடு சரி என்றுவிட்டார். அவர் ஆசைப்பட்டது அதுதானே. முதல் சில வாரம் போனில் ஒரே உற்சாகம். கமா போட்டு எண் சொல்லிக் காட்டுவார். பிறகு வேலை எதுவும் இல்லாமலே கூப்பிட ஆரம்பித்தார். பிரெட்டைத் தவிர எதுவும் தொண்டையில் இறங்குவதில்லை என்றார். பஸ்ஸில் ஏறினால் எங்கே இறங்குவது என்று ஒருவரைக் கேட்க வேண்டியிருக்கிறது என்றார். அம்மாவிடம் தினமும் பேசுகிறார், ஆனால் அவர் சாப்பிட்டாயா என்பதைத் தாண்டி எதுவும் கேட்பதில்லை. ஒருநாள், நீங்கள் பெங்களூருக்கு வந்தபோது எப்படிச் சமாளித்தீர்கள் அக்கா என்று கேட்டார். எனக்கு நீங்கள் இருந்தீர்கள் கிரீஷ் என்று சொல்ல வாயெடுத்தேன். அதைக் கன்னடத்தில் கூச்சமில்லாமல் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. "ஊட்டா ஆய்தா?" என்று கேட்டேன். சாப்பிட்டாயிற்றா என்று நானும் அவருடைய அம்மா மாதிரியே கேட்டுவைத்தேன்.

போன வாரம் ஒரு பிற்பகல் கூப்பிட்டார். பேச இருவருக்கும் பெரிதாக ஒன்றுமில்லை. வைக்கட்டுமா என்றேன். வைக்காதீர்கள், போனை அப்படியே மேசைமேல் வைத்துவிட்டு நீங்கள் வேலையைப் பாருங்கள் என்றார். வைத்தேன். ஷெட்டில் யாரோ ஸ்பேனரைக் கீழே போட்டார்கள், யாரோ திட்டினார்கள், டீ வந்துவிட்டது என்று ஒரு குரல், அதற்கு நாலு பேர் ஒரே நேரத்தில் கன்னடத்தில் பதில் சொன்னார்கள். நான் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். அந்தப் பக்கத்திலிருந்து தண்ணீர் கொட்டும் சத்தமும், தூரத்தில் பெண்கள் போர்ச்சுகீசில் பேசிச் சிரிப்பதும் மெதுவாகக் கேட்டன. திருப்பத்தூரில் யாரையாவது இப்படிப் போனைத் திறந்து வைக்கச் சொன்னால் எந்தச் சத்தத்துக்காகக் காத்திருப்பேன் என்று யோசித்தேன். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. என் மேசையில் இரண்டு ஊர்கள் கேட்டுக்கொண்டிருந்தன, இரண்டும் என் ஊர் இல்லை. சார்ஜ் குறைந்துவிட்டது என்று போன் ஒரு முறை ஒலித்தது. எழுந்து போய்ச் சார்ஜரைக் கொண்டுவந்து செருகிவிட்டு உட்கார்ந்தேன்.